பட்டத்திற்கும் வேலைக்கும் இடையில்

வலுவிழந்த மாணவரின் வேலைவாய்ப்பில் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஆற்றவேண்டிய பங்கு

கல்வியே அழியாத செல்வம் என்பது எமது மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. வீட்டையும் வளவையும் வயலையும் இழந்து, கையில் ஒரு பையுடன் அந்நிய மண்ணில் வந்திறங்கிய குடும்பங்கள் தமது பிள்ளைகளுக்கு முதலில் தேடிக்கொடுத்தது பாடசாலை அனுமதியைத்தான். ஆனால் அதே குடும்பத்தில் பார்வை குன்றிய பிள்ளையோ, செவிப்புலன் அற்ற பிள்ளையோ, எறிகணை வீச்சில் காலை இழந்த இளைஞரோ இருக்கும்போது அந்த நம்பிக்கை தடுமாறிவிடுகிறது. படிக்கவைத்து என்ன பயன், யார் வேலை கொடுக்கப் போகிறார்கள் என்று சிலர் படிப்பை இடையில் நிறுத்திவிடுகின்றனர். எப்பாடுபட்டாவது ஒரு பட்டத்தைப் பெற்றுவிட்டால் மிகுதி தானாக வந்துசேரும் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர்.

இவ்விரு எண்ணங்களையும் நிலைமை பொய்யாக்குகின்றது. பிரித்தானியாவில் வேலைசெய்யும் வயதிலுள்ள வலுவிழந்தோரில் ஏறத்தாழ 53 வீதத்தினரே அண்மைய ஆண்டுகளில் தொழில் புரிந்துள்ளனர். ஏனையோரில் இத்தொகை ஏறத்தாழ 82 வீதமாகும். கல்வியிலும் இதேபோன்ற இடைவெளி உண்டு. 2021ஆம் ஆண்டில் வலுவிழந்தோரில் நான்கிலொரு பங்கினரிடம் பட்டம் இருந்தது; ஏனையோரில் பத்துக்கு நான்கு பேருக்கும் அதிகமானோர் பட்டதாரிகளாக இருந்தனர். பட்டம் பெற்ற வலுவிழந்தோர், பட்டம் பெறாத வலுவிழந்தோரைவிடக் கூடுதலாக வேலையில் இருக்கின்றனர் என்பது உண்மை. ஆகவே படிப்பு வீண் என்பார் கூற்றுப் பிழை. எனினும் ஒரே பட்டத்தைப் பெற்ற இருவரில் வலுவிழந்தவர் முழுநேர வேலை பெறும் வாய்ப்புக் குறைவாகவே உள்ளது. ஆகவே பட்டம் போதும் என்பார் கூற்றும் பிழை.

பட்டமளிப்பு மண்டபத்திற்கும் வேலைத்தலத்தின் வாசலுக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை மாணவர் தனியே கடக்கவேண்டும் என்று விட்டுவிடுவதா, அல்லது அதனைக் கடக்கச்செய்வதும் கல்வி நிறுவனத்தின் கடமையா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

யார் வலுவிழந்தோர்?

வலுவிழந்தோர் என்றதும் சக்கர நாற்காலியும் வெள்ளைப் பிரம்புமே எமது நினைவுக்கு வருகின்றன. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இதனை மிக விரிவாக நோக்குகின்றது. ஒருவரின் அன்றாடக் கருமங்களைக் கணிசமான அளவில் பாதிக்கின்ற, பன்னிரண்டு மாதங்கள் நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய உடற் குறைபாடோ உளக் குறைபாடோ இருப்பின் அவர் இச்சட்டத்தின் கீழ் வலுவிழந்தவராவார். எழுத்துக்களை வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா, ஓட்டிசம், வலிப்பு நோய், நீடித்த மனச்சோர்வு என்பனவும் பாதிப்பின் அளவைப் பொறுத்து இதனுள் அடங்கும்.

போரின் கோரத்தைக் கண்ணாரக் கண்டு, தூக்கத்திலும் அதனை மறக்கமுடியாமல் தவிப்பவருக்கு ஏற்படும் உளவடு நோயும் இவ்வாறே இதில் அடங்கலாம். சித்திரவதையின் தழும்பைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவர் எம்மவர் மத்தியில் உளர். தாம் சட்டத்தின் பாதுகாப்புக்குரியவர் என்பது அவர்களிற் பலருக்குத் தெரியாது.

போர் கற்றுத்தந்த பாடம்

வலுவிழந்தோரைத் தொழிலுக்கு ஆயத்தம் செய்தல் புதிய எண்ணமன்று. பார்வையற்றோருக்கான கல்லூரியொன்று 1872இல் இலண்டனின் தென்பகுதியில் நிறுவப்பட்டது. நிறுவியவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கம்பல் தாமே பார்வையற்றவர், அமெரிக்காவிலிருந்து வந்தவர். பார்வையற்றவர் பிறர் தயவில் வாழாது சொந்த உழைப்பில் வாழவேண்டும் என்பதே அவரது நோக்கம். இசை ஆசிரியர்களையும் பியானோ சுருதி சேர்ப்போரையும் அக்கல்லூரி பயிற்றி அனுப்பியது. எந்தத் தொழிலுக்கு ஊரில் தேவை இருக்கிறது என்று பார்த்துப் பாடத்தை வகுத்தமையே அதன் சிறப்பு. அக்கல்லூரி இன்று ஹெரபேட் நகரில் இயங்கி வருகின்றது.

முதலாம் உலகப்போர் மூண்டபோது, கண்பார்வையை இழந்து திரும்பிய போர்வீரருக்காக 1915இல் இலண்டனில் சென்ற் டன்ஸ்ரன்ஸ் என்ற நிலையம் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய ஆதர் பியர்சன் பத்திரிகை உரிமையாளராக விளங்கி, பின்னர் பார்வையை இழந்தவர். அங்கு வீரர்களுக்குத் தட்டச்சு, தொலைபேசி இணைப்பு வேலை, கோழி வளர்ப்பு, உடற்பிடிச் சிகிச்சை முதலியன கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடிந்து வெளியேறியவர்களை அந்நிலையம் கைவிடவில்லை. தொழிலில் நிலைத்திருக்கும்வரை அவர்களைப் பின்தொடர்ந்து உதவ ஒரு தனிப் பிரிவையே வைத்திருந்தது. நூறாண்டுக்கு முன்னர் உணரப்பட்ட இந்த உண்மையை இன்றைய பல்கலைக்கழகங்களிற் பல இன்னும் உணரவில்லை.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. முள்ளந்தண்டில் காயமுற்ற முன்னாள் வீரர்கள் பல்கலைக்கழகப் படியேற விரும்பியபோது, அப்படிகளே அவர்களுக்குத் தடையாக நின்றன. 1948இல் இல்லினோய்ஸ் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பேர்க் வளாகத்தில் ரிமொதி நியூஜென்ற் என்பவர் அவர்களுக்கான திட்டத்தைத் தொடக்கினார். மறு ஆண்டே அவ்வளாகம் மூடப்படவிருந்தபோது மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். பின்னர் திட்டம் பிரதான வளாகத்திற்கு மாற்றப்பட்டது. சாய்தளங்களும், சக்கர நாற்காலியை ஏற்றும் வசதி கொண்ட பேருந்துகளும் அங்கு வந்தன. போக்குவரத்து இல்லாதவருக்குப் பாடமும் இல்லை, வேலையும் இல்லை என்ற எளிய உண்மையை அத்திட்டம் உணர்ந்திருந்தது.

பேர்க்லியும் றொச்செஸ்ரரும்

பல்கலைக்கழகம் ஒருவரின் வாழ்வை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதற்கு எட் றொபேட்ஸ் என்பவரின் வரலாறு தக்க சான்றாகும். பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்திற்கு ஆளாகிக் கழுத்தின் கீழ் இயக்கம் இழந்தவர் அவர். இரவில் இயந்திரத்தின் உதவியுடனேயே மூச்சுவிட்டார். கலிபோர்னியா மாநிலத்தின் தொழிற் புனர்வாழ்வு அதிகாரி, இவர் எக்காலத்திலும் வேலைக்கு உதவார் என்று கூறி நிதியுதவியை மறுத்தார். மறுப்பை எதிர்த்து வென்ற றொபேட்ஸ் 1962இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரது இயந்திரத்தை வைக்கத்தக்க மாணவர் விடுதி இல்லாமையால் வளாகத்து மருத்துவமனையின் ஒரு பகுதியே அவரது விடுதியாயிற்று.

அவரைத் தொடர்ந்து வேறு மாணவரும் வந்து சேர்ந்தனர். அவர்களது முயற்சியால் 1970இல் வலுவிழந்த மாணவருக்கான தனிச் சேவையும், 1972இல் நகர மக்களுக்கான சுயாதீன வாழ்வு நிலையமும் உருவாகின. 1975இல் மாநில ஆளுநர், எந்தத் திணைக்களம் இவரை வேலைக்கு உதவாதவர் என்று ஒதுக்கியதோ அதே திணைக்களத்திற்கு இவரையே பணிப்பாளராக நியமித்தார். ஒரு மனிதர் வேலைக்கு உதவுவாரா என்பதை மருத்துவ அறிக்கை மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் உள்ள தேசிய செவிப்புலனற்றோர் தொழில்நுட்ப நிறுவகம் இன்னொரு முன்மாதிரி. 1965இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த இந்நிறுவகம் 1968இல் முதல் மாணவரை ஏற்றது. செவிப்புலன் உள்ள மாணவர் பயிலும் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உள்ளேயே இது வைக்கப்பட்டது. மாணவர்கள் படிப்பின் இடையிலேயே சம்பளத்துடன் நிறுவனங்களுக்குச் சென்று வேலை பழகுகின்றனர். நிறுவகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு தொழில்கொள்வோரைத் தேடிச்சென்று, செவிப்புலனற்ற ஊழியருடன் எவ்வாறு பேசுவது, கூட்டங்களை எவ்வாறு நடத்துவது என்று பயிற்சி அளிக்கின்றது. மாணவரை வேலைக்கு ஆயத்தம் செய்வது போலவே வேலைத்தலத்தையும் மாணவருக்காக ஆயத்தம் செய்யவேண்டும் என்பதே றொச்செஸ்ரர் தரும் பாடம்.

சட்டம் தருவது என்ன?

பிரித்தானியாவில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் இருபது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் 3 வீத இடங்களை வலுவிழந்தோருக்கு வழங்கவேண்டும் என விதித்திருந்தது. ஏட்டில் இருந்த இவ்விதியை மீறியோர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டமை மிக அரிது. 1995ஆம் ஆண்டின் பாரபட்சத் தடைச் சட்டம் அந்தப் பங்கீட்டு முறையை நீக்கி, தனிமனிதரின் உரிமையை முன்வைத்தது. 2001ஆம் ஆண்டில் இவ்வுரிமை கல்வித்துறைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இவையனைத்தும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. (வட அயர்லாந்துக்கு வேறு சட்டங்கள் உண்டு.)

இச்சட்டத்தின் மையமாக விளங்குவது நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையாகும். வலுவிழந்தவர் வந்து கேட்கும்வரை ஒரு பல்கலைக்கழகம் கைகட்டி நிற்க முடியாது. அத்தகைய மாணவர் வருவர் என முன்னரே எதிர்பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள அது கடமைப்பட்டுள்ளது.

இதற்கு மேலாக, இங்கிலாந்து மாணவருக்கு டிசேபிள்ட் ஸ்ரூடன்ற்ஸ் அலவன்ஸ் என்னும் உதவிப்பணம் உண்டு. 2024-25 கல்வியாண்டில் இதன் உச்சவரம்பு 26,948 பவுண்களாக இருந்தது. இது பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து வழங்கப்படுவதன்று; திருப்பிச் செலுத்தவேண்டிய கடனுமன்று. திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் கணனி மென்பொருள், குறிப்பெடுக்க உதவுபவர், சைகைமொழி பெயர்ப்பாளர், வலுவிழப்பினால் ஏற்படும் மேலதிகப் பயணச் செலவு முதலியவற்றுக்கு இப்பணம் உதவும். பகுதிநேர மாணவரும் பட்டப்பின் மாணவரும் இதனைப் பெறலாம்.

நடுவழியில் அறுந்த பாலம்

இத்தனை இருந்தும் இடைவெளி ஏன் நீடிக்கின்றது? உதாரணமாகப் பார்வை குன்றிய மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மூன்று ஆண்டுகளும் அவருக்குப் பாடநூல்கள் ஒலி வடிவில் கிடைத்தன. பரீட்சையில் மேலதிக நேரம் கிடைத்தது. வளாகத்தின் ஒவ்வொரு நடைபாதையும் அவருக்குப் பழகிவிட்டது. நல்ல பெறுபேற்றுடன் பட்டமும் பெறுகின்றார். அன்றுடன் அந்த ஏற்பாடுகள் யாவும் முடிவடைகின்றன. மூன்று ஆண்டுகளாகத் தமக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று திரட்டிய அறிவு பல்கலைக்கழகக் கோப்பில் உறங்குகின்றது.

வேலைத்தலத்திற்கு வேறொரு அரசாங்கத் திட்டம் உண்டு. 1994இல் தொடங்கிய அக்செஸ் ரு வேர்க் என்னும் அத்திட்டம் விசேட உபகரணங்களுக்கும் உதவியாளருக்கும் பயணத்திற்கும் பணம் வழங்குகின்றது. ஆனால் பொதுவாக வேலை ஒன்று கையில் கிடைத்த பின்னரே அதற்கு விண்ணப்பிக்க முடியும். புதிதாக மதிப்பீடு செய்யவேண்டும், புதிதாகச் சான்றுகள் காட்டவேண்டும். 2025ஆம் ஆண்டில் பல்லாயிரக்கணக்கான விண்ணப்பங்கள் முடிவுக்காகத் தேங்கிக் கிடந்தன. மாதக்கணக்கில் உபகரணமின்றிப் புதிய வேலையில் தடுமாறும் ஒருவரை, திறமை அற்றவர் என முதலாளி எண்ணிவிடுவது எளிது. நன்னடத்தைக் காலம் முடியுமுன்னரே வேலையும் பறிபோகலாம்.

இந்த அறுந்த பாலத்தைப் பொருத்தும் முயற்சியாக 2021இல் வூல்வர்ஹாம்ப்ரன் பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தொடக்கப்பட்டது. மாணவருக்குத் தேவையான ஏற்பாடுகள் ஓர் ஆவணத்தில் பதியப்படும். அதனை அவர் கடவுச்சீட்டுப்போல் வேலைத்தலத்திற்கு எடுத்துச் செல்லலாம். செலவு குறைந்த, எளிய ஏற்பாடு இது. எந்தப் பல்கலைக்கழகமும் அரசாங்க உத்தரவுக்குக் காத்திராமல் தன் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய பத்திரத்தைத் தயாரித்துக் கொடுக்கலாம்.

பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டியவை

முதலாவதாக, ஒரே வளாகத்தில் இரு தீவுகளாக இயங்கும் இரு அலுவலகங்கள் இணையவேண்டும். வலுவிழந்த மாணவருக்கான பிரிவு பரீட்சை வரையுமே சிந்திக்கின்றது. தொழில் ஆலோசனைப் பிரிவோ விண்ணப்பம் எழுதவும் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லவும் பொதுவான ஆலோசனைகளை வழங்குகின்றது. தனது வலுவிழப்பைத் தொழில்கொள்வோரிடம் எப்போது சொல்வது, எவ்வாறு சொல்வது என்ற கேள்விக்கு இரு பிரிவுகளிலும் விடை கிடைப்பதில்லை. முதலாம் ஆண்டிலேயே இவ்விரு பிரிவினரும் மாணவருடன் ஒன்றாக அமர்ந்து பேசுவது அவசியம்.

இரண்டாவது, வேலை அனுபவம். ஏனைய மாணவர் விடுமுறையில் கடைகளிலும் உணவகங்களிலும் நின்று உழைத்து, அதனையே தமது முதல் அனுபவமாக விண்ணப்பத்தில் எழுதுகின்றனர். மணிக்கணக்கில் நிற்கமுடியாதவருக்கோ, இரைச்சலில் பேச்சை விளங்கிக்கொள்ள இயலாதவருக்கோ அந்த வாசல் அடைபட்டுள்ளது. பட்டம் பெறும்போது அவரது விண்ணப்பத்தின் ஒரு பகுதி வெறுமையாகவே இருக்கும். தொழில்கொள்வோர் அந்த வெறுமையையே முதலில் காண்பர். நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் நிர்வாக அலுவலகத்திலும் சம்பளத்துடன் கூடிய பகுதிநேர வேலைகளை இம்மாணவருக்கு ஒதுக்குவது பல்கலைக்கழகத்தின் கையிலேயே உள்ளது.

மூன்றாவது, பரீட்சிக்கும் முறை. பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பயின்ற, பலர் முன்னிலையில் பேசுவதில் கடும் பீதிக்குள்ளாகும் நோயுடைய மாணவி ஒருவர் 2018இல் உயிரிழந்தார். அன்றைய தினம் அவர் ஒரு பெரிய மண்டபத்தில் வாய்மூலம் விளக்கம் அளிக்கவேண்டியிருந்தது. அவருக்குத் தக்க மாற்றங்களைச் செய்யாமையால் பல்கலைக்கழகம் சமத்துவச் சட்டத்தை மீறியது என 2022இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. பரிசோதனையை விளங்கி விளக்கும் அறிவு ஒன்று, அதனை வாயால் சொல்லவைக்கும் முறை வேறொன்று என்ற வேறுபாடு அவ்வழக்கின் மையமாக இருந்தது. தொழிலுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரு கணக்காளருக்கு வேண்டியது கணக்குத் திறனா, வேகமாக எழுதும் கையா? இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகம் தன் பாடநெறிகளில் கேட்கப் பழகினால், அங்கிருந்து வெளியேறும் முகாமையாளரும் தமது அலுவலகங்களில் அதனைக் கேட்பர்.

நான்காவது இதனுடன் தொடர்புடையது. நாளைய தொழில்கொள்வோர் இன்று இதே விரிவுரை மண்டபங்களில்தான் அமர்ந்திருக்கின்றனர். கட்டடக் கலைஞர் சாய்தளத்தைப் பற்றியும், கணனி வல்லுநர் பார்வையற்றோரும் பயன்படுத்தத்தக்க மென்பொருளைப் பற்றியும், முகாமைத்துவ மாணவர் நியாயமான மாற்றங்களைப் பற்றியும் கற்காமல் பட்டம் பெற்றால், நாளைய தடைகளைக் கட்டுவோர் அவர்களே. மருத்துவத் துறையில் வலுவிழந்த மாணவரை வரவேற்குமாறு பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் 2019இல் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. ஏனைய தொழிற்றுறைகளும் இவ்வழியைப் பின்பற்றலாம்.

ஐந்தாவது, பல்கலைக்கழகம் தானே ஒரு பெரிய முதலாளி. பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை வழங்கும் நிறுவனம் அதுவே. தன் விரிவுரையாளரிலும் எழுதுவினைஞரிலும் எத்தனை பேர் வலுவிழந்தோர் என்பதை வெளியிடாமல், வெளியாருக்கு அறிவுரை கூறுவது பொருந்தாது. சக்கர நாற்காலியில் வந்து விரிவுரை ஆற்றும் பேராசிரியர் ஒருவரைக் காணும் மாணவருக்கு வேறு ஊக்கவுரை தேவைப்படாது.

தொழிற் கல்லூரிகளின் வழி

எல்லோரும் பல்கலைக்கழகம் செல்வதில்லை. கற்றலில் இடர்ப்படும் இளைஞருக்குத் தொழிற் கல்லூரிகளே புகலிடம். இவர்களுக்காக வகுக்கப்பட்ட திட்டங்களில் புரொஜெக்ற் சேர்ச் என்பது குறிப்பிடத்தக்கது. 1996இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரச் சிறுவர் மருத்துவமனையில் தொடங்கிய இத்திட்டம் இன்று பிரித்தானியாவின் பல மருத்துவமனைகளிலும் நகரசபைகளிலும் நடைபெறுகின்றது. மாணவர் கல்லூரி வகுப்பறையை விட்டு ஒரு கல்வியாண்டு முழுவதும் மருத்துவமனையிலேயே கழிக்கின்றனர். களஞ்சியம், சமையற்கூடம், அலுவலகம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல பகுதிகளில் பழகுகின்றனர். ஆசிரியரும் தொழிற் பயிற்றுநரும் அவர்களுடன் அங்கேயே இருக்கின்றனர்.

புத்தகத்தில் படித்ததை வேறிடத்தில் பொருத்திப் பார்ப்பது இத்தகைய இளைஞருக்குக் கடினம். ஆகவே வேலை நடைபெறும் இடத்திலேயே வேலையைக் கற்பித்தல் இத்திட்டத்தின் அடிப்படை. முதலாளியும் ஓராண்டாக அவரைக் கண்ணாற் கண்டிருப்பதால், அச்சம் நீங்கி வேலை கொடுக்க முன்வருகின்றார். இங்கிலாந்தில் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் என்ற ஆவணத்தை உடைய 16 முதல் 24 வயதுவரையான இளைஞர் ஆதரவுடன் கூடிய இவ்வகைத் தொழிற் பயிற்சியைக் கோரலாம். எம் பெற்றோரிற் பலர் பதினெட்டு வயதுடன் உதவிகள் யாவும் நின்றுவிடும் என எண்ணிப் பிள்ளையை வீட்டில் இருத்திவிடுகின்றனர். இந்த ஆவணம் தேவைக்கேற்ப 25 வயதுவரை நீடிக்கக்கூடியது.

ஏனைய நாடுகளில் வாழும் எம்மவரும் தமது நாட்டின் வழிகளை அறிந்து வைத்திருத்தல் நன்று. ஜேர்மனியில் இருபது ஊழியருக்குக் குறையாத நிறுவனங்கள் 5 வீத இடங்களைக் கடுமையாக வலுவிழந்தோருக்கு வழங்கவேண்டும். தவறினால் ஈட்டுப்பணம் செலுத்தவேண்டும். பிரான்சில் இத்தொகை 6 வீதம். இத்தகைய நாடுகளில் நிறுவனங்கள் தகுதியுள்ள வலுவிழந்தோரைத் தேடுகின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2005ஆம் ஆண்டின் சட்டம் கல்வி நிலையங்களுக்கும் தொழில்கொள்வோருக்கும் கட்டாய விதிகளை வகுத்துள்ளது.

எமது குடும்பங்கள் அறியவேண்டியவை

சட்டமும் திட்டமும் இருந்தாலும் வாய் திறந்து கேட்காதவருக்கு அவை எட்டா. எம்மிடையே வலுவிழப்பு மறைத்து வைக்கப்படுகின்றது. வெளியில் தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படும், ஊரார் பேசுவர், வேலை கிடைக்காது, விசா விண்ணப்பம் பாதிக்கப்படும் என்ற அச்சங்கள் பல. பல்கலைக்கழகத்திடம் கூறும் விபரம் அந்தரங்கமாகப் பேணப்படவேண்டியது. மாணவரின் சம்மதமின்றி அதனை எதிர்கால முதலாளிக்கு அனுப்ப முடியாது. வேலை வழங்குவதாகக் கூறுமுன்னர் விண்ணப்பதாரியின் உடல்நிலை பற்றித் தொழில்கொள்வோர் கேள்வி கேட்பதையும் சமத்துவச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கின்றது. நேர்முகப் பரீட்சைக்கு ஏதும் ஏற்பாடு தேவையா என்று வினவுவது போன்ற சில விலக்குகளே உண்டு.

அகதி அந்தஸ்துப் பெற்றவர் இங்கிலாந்தில் மூன்றாண்டு வதிவு நிபந்தனையின்றி மாணவர் நிதியுதவிக்கும் மேற்கூறிய உதவிப்பணத்திற்கும் விண்ணப்பிக்கலாம். புகலிடக் கோரிக்கை முடிவாகாதவரின் நிலை கடினமானது. அவருக்கு அரசாங்க நிதியுதவி பொதுவாகக் கிடையாது. வேலைசெய்யும் அனுமதியும் இல்லை. கோரிக்கை தம் தவறின்றிப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தாமதித்தால் மட்டுமே, அதுவும் குறித்த சில தொழில்களுக்கே, அனுமதி கேட்கலாம். எனினும் புகலிடக் கோரிக்கையாளருக்கெனப் புலமைப்பரிசில் வழங்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. அனுமதி பெற்றுச் சேர்ந்துவிட்டால், நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமை அவர் விடயத்திலும் பல்கலைக்கழகத்திற்கு உண்டு. வதிவிட அனுமதியின் வகை அக்கடமையை நீக்காது. இவ்விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆகவே விண்ணப்பிக்கும்போது தகுதிவாய்ந்த ஆலோசகரிடம் உறுதிசெய்து கொள்ளவேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பொதுப் பார்வை நாளுக்குச் செல்லும் பெற்றோர் கட்டடத்தின் அழகையும் தரவரிசையையும் மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. சென்ற ஆண்டு இப்பாடநெறியை முடித்த வலுவிழந்த மாணவரில் எத்தனை பேர் வேலை பெற்றனர்? வேலைப் பயிற்சிக்குச் செல்லும்போது சைகைமொழி பெயர்ப்பாளருக்கு யார் பணம் கொடுப்பர்? படிப்பு முடிந்து வேலை தேடும் காலத்தில் உங்கள் தொழில் ஆலோசகரின் உதவி எவ்வளவு காலம் தொடரும்? இம்மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை தரும் நிறுவனம், தரவரிசையில் சற்றுப் பின்னால் இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்கக்கூடும். விடை இல்லாத இடத்திலும் கேள்வி வீண்போகாது. பலரும் கேட்கும் கேள்விக்கு விடை தேடவேண்டிய கட்டாயம் நிர்வாகத்திற்கு உண்டாகும்.

உதவிப்பணத்துக்கான விண்ணப்பத்தைப் படிப்புத் தொடங்கிய பின்னர் அனுப்புவது பலர் செய்யும் தவறு. மருத்துவரின் சான்று, தேவைகளை மதிப்பிடல், உபகரணம் வந்துசேர்தல் என்பவற்றுக்கு மாதங்கள் செல்லும். அனுமதி உறுதியாகுமுன்னரே மாணவர் நிதி விண்ணப்பத்துடன் இதனையும் தொடங்கலாம். அவ்வாறே இறுதியாண்டின் தொடக்கத்திலேயே, தனக்கு உதவிய ஏற்பாடுகள் யாவை என்பதைப் பிரிவின் அதிகாரியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது, வேலை கிடைத்த மறுநாளே அக்செஸ் ரு வேர்க் திட்டத்திற்கு விண்ணப்பிக்க உதவும்.

வலுவிழந்த ஒருவருக்கு வேலை என்பது சம்பளத்துடன் முடிவதன்று. குடும்பத்தில் பாரம் என எண்ணப்பட்டவர், குடும்பத்தைத் தாங்கும் தோளாக மாறுவது அந்த முதல் சம்பளத்துடன்தான். அந்த நாள் வரையும் அவருடன் நடந்து செல்லும் பல்கலைக்கழகமே தனது கடமையை நிறைவேற்றியதாகும். அதனைக் கேட்டுப் பெறும் உரிமை, எந்த நாட்டிலிருந்து எந்த வழியால் வந்தவராயினும், அங்கு பயிலும் ஒவ்வொருவருக்கும் உரியது.